கல்லூரி அறையில் ஒரு சிறுத்தைப் பல்லி



வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளை மீன் வளர்க்கிறான் என்றால் நம் வீடுகளில் யாரும் கவலைப்படுவதில்லை. பூனை என்றாலும் பொறுத்துக்கொள்வர். பல்லி, ஆமை, பாம்பு என்று காதில் விழுந்துவிட்டால் மட்டும் குடும்பமே கலங்கிப் போகிறது. "டீச்சர், பையன் ரூம்ல என்னமோ ஓணான் மாதிரி ஒன்னு வெச்சிருக்கானாம்" என்று முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார் அண்மையில் என்னிடம் கூறினார். மகன் ஏதோ தீய பழக்கத்துக்கு ஆளாகிவிட்டான் என்பதைப் போல் இருந்தது அவரது குரல்.

அவருக்கு நான் சொன்ன பதிலைச் சற்று விரிவாக எழுதலாம் என்று தோன்றியது. மூன்று ஆண்டுகளாக என் குடும்பத்திலும் அப்படியொரு பிராணி இருந்து வருகிறது.

என் அக்காள் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறார். அவருடைய மகன் 2022-ஆம் ஆண்டில் பட்டயக் கல்விக்காகக் கோலாலம்பூருக்கு வந்தான். அம்பாங் எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஓர் அடுக்குமாடி வீட்டில் மற்ற மூன்று மாணவர்களோடு தங்கினான். நான் இருப்பதும் அம்பாங்கில்தான்; ஆயினும் அவன் என் வீட்டுக்கு வந்தது குறைவு. தந்தையை இழந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. தொலைபேசியில் எப்பொழுது கேட்டாலும் "நல்லா இருக்கேன் சின்னம்மா" என்ற ஒரே விடைதான்.

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்காள் அழைத்தார். முதல் பருவத் தேர்வில் மகன் இரண்டு பாடங்களில் தோல்வி. அதைவிடப் பெரிய செய்தி, அறையில் பல்லி வளர்க்கிறானாம்! "படிக்கச் சொல்லி அனுப்பினா பல்லிக்குச் சோறு போட்டுக்கிட்டிருக்கான். நீ போய் அதைத் தூக்கிப் போட்டுட்டு வா" என்றார்.

போனேன். மதிய வேளையிலும் திரை இழுத்து மூடிய அறை. மேசையில் மூன்று நாள் மீ கோப்பைகள். கட்டிலின் மேல் துவைக்காத துணிகள். இவை அனைத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தொட்டி மட்டும் கோயில் பாத்திரம் போலத் துலக்கமாக இருந்தது. அதற்கு மேலே சுவரில் ஒரு தாள். நாள், எடை, தின்றது, தோல் உரித்தது எனக் கட்டம் போட்டு, வாரந்தவறாமல் எழுதியிருந்தான். முதல் வரியில் 31 கிராம். கடைசி வரியில் 46 கிராம். இத்தனை ஆண்டுகள் அறிவியல் பாடம் போதித்திருக்கிறேன். உற்றறிதல் குறிப்பு இவ்வளவு ஒழுங்காக எழுதிய மாணவன் எவனையும் நான் கண்டதில்லை.

தொட்டிக்குள் இருந்தது சிறுத்தைப் பல்லி. ஆங்கிலத்தில் லெப்பர்ட் கெக்கோ என்பர். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றின் வறண்ட கல் நிலங்கள் இதன் தாயகம். மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு. கண்ணை மூடித் திறக்கும் போது ஏதோ யோசிப்பதைப் போல் தோன்றும். விரல்களில் ஒட்டும் தகடு இல்லாததால் கண்ணாடியில் ஏற இயலாது. உண்ட உணவின் மிகுதியைக் கொழுப்பாக வாலில் சேமித்துக்கொள்கிறது. ஆதலால், வாலைப் பார்த்தாலே அதன் நலத்தைச் சொல்லிவிடலாம். கொழுத்த வால் என்றால் நலம்.

இதை அவன் காசு கொடுத்து வாங்கவில்லை. அதே வீட்டில் முன்பு தங்கியிருந்த மூத்த மாணவர் ஒருவர் படிப்பு முடிந்ததும் தொட்டியோடு சாமான் அறையில் விட்டுச் சென்றுவிட்டார். இவன் கண்டபோது வால் நூல்போல் மெலிந்திருந்ததாம். இணையத்தில் தேடித் தேடிப் படித்து அதைப் பிழைக்க வைத்திருக்கிறான்.

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவை சுவர்க்கோழி வாங்கப் போவணும் சின்னம்மா. அதுக்குத்தான் நான் வெளிய போறதே" என்றான். கடைகளில் செங்கெரிக் என்று விற்கும் பூச்சியைத்தான் சொன்னான். உயிருள்ள பூச்சியைத்தான் அது விரும்பி உண்ணும். மொத்தமாக வாங்கி வைத்தால் இரவெல்லாம் கத்தி அறைத் தோழர்களின் தூக்கத்தைக் கெடுக்கும். ஆகவே, சிறிது சிறிதாக வாங்க வேண்டும். அதற்காகச் சட்டை மாற்றிக்கொண்டு, படி இறங்கி, கடைக்காரரிடம் நான்கு வார்த்தை பேசிவிட்டு வருகிறான். வேறு எதற்காகவும் அவன் அந்தப் படிகளில் இறங்கவில்லை என்பதை அப்பொழுதுதான் அறிந்தேன்.

வெளியே நடைபாதையில் நின்று அக்காளுக்குத் தொலைபேசியில் பேசினேன். பல்லி இருக்கட்டும், பையனைத்தான் கவனிக்க வேண்டும் என்று சொன்னேன். அக்காளுக்குக் கோபம். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அடுத்த வாரமே கல்லூரியின் மாணவர் ஆலோசகரைச் சந்திக்க ஏற்பாடு செய்து, முதல் நாள் நானும் உடன் சென்றேன். பல்லி வளர்த்ததால் அவன் தேறினான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆலோசகரும் தேவைப்பட்டார், காலமும் தேவைப்பட்டது, மறுதேர்வும் எழுத வேண்டியிருந்தது. ஆனால், படுத்த படுக்கையாகக் கிடந்த பிள்ளையை இரண்டு நாளுக்கு ஒரு முறை எழுப்பி நடக்க வைத்த ஒன்றைப் பிடுங்கி எறிய என் மனம் இடந்தரவில்லை.

அன்று அவனிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். விடுமுறையில் இதை யார் பார்ப்பது? நோயுற்றால் யாரிடம் கொண்டுபோவது, செலவுக்கு என்ன வழி? படிப்பு முடிந்த பின் இது எங்கே போகும்? சிறுத்தைப் பல்லி நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. பட்டயக் கல்வியோ மூன்றே ஆண்டுகள். முதல் கேள்விக்கு "உங்க வீடு" என்றான். இரண்டாவதற்கு, ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரின் முகவரியும், உண்டியலில் போட்டு வைத்திருந்த கொஞ்சம் பணமும் காட்டினான். மூன்றாவதற்குத் தலை குனிந்துகொண்டான்.

இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வரலாயிற்று. பருவ விடுமுறை தொடங்கினால் அவன் பேருந்தில் பேராவுக்குப் போவான். தொட்டி என் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிடும். என் மாமியாருக்கு வயது எழுபத்தெட்டு. பல்லி சொல்லும் திசைக்கு ஒரு பலன், தோளில் விழுந்தால் ஒரு பலன், தலையில் விழுந்தால் ஒரு பலன் எனக் கௌளி சாத்திரம் முழுவதும் அறிந்தவர். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வணங்கிவிட்டு வந்தவரும் அவரே. கோயிலில் தொடலாம், வீட்டில் கூடாதா அத்தை என்று கேட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் தொட்டியையே உற்றுப் பார்த்தவர், "இது சுவத்துல ஏறாது, தலையில விழாது, எதுவும் சொல்லவும் செய்யாது. அப்போ இது பல்லியே இல்ல" என்று தீர்ப்பு வழங்கினார். அத்தோடு அந்த வழக்கு முடிந்தது!

எதுவும் சொல்லாது என்று அவர் சொன்னதைத்தான் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். நாய் பசித்தால் குரைக்கும்; பூனை காலைச் சுற்றும். ஊர்வன வாய் திறப்பதில்லை. அவற்றின் உடல் மெதுவாக இயங்குவது. பசியையும் நோயையும் வாரக்கணக்கில் தாங்கிக்கொண்டு அசையாமல் இருக்கும். "இதுக்கு அடிக்கடி சோறு போட வேண்டியதில்லை, காலேஜ் பிள்ளைகளுக்கு ஏத்தது" என்று கடைகளில் சொல்லி விற்பதன் மறுபக்கம் இது. நலமான பெரிய சிறுத்தைப் பல்லி வால் கொழுப்பைக் கொண்டு சில நாள் தாங்கும் என்பது உண்மையே. அதை நம்பி ஒரு மாத விடுமுறைக்குப் பூட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். சாமான் அறையில் கிடந்த அந்த 31 கிராம் அப்படி வந்ததுதான்.

தட்பவெப்பமும் அப்படியே. குளிர் நாடுகளில் இப்பிராணிக்கு வெப்பம் கொடுப்பதே பெரும்பாடு. கிள்ளான் பள்ளத்தாக்கில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. இங்குத் தொல்லை தருவது காற்றின் ஈரமும் அறையின் குளிர்சாதனமும்தான். ஊர்வன தம் உடற்சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்வதில்லை, வெளியிலிருந்து பெறுகின்றன. அறைத் தோழன் ஒருவன் இரவெல்லாம் குளிர்சாதனத்தை 18 பாகையில் ஓடவிட்டால், தின்ற பூச்சி வயிற்றில் செரிக்காமல் கிடக்கும். ஆகவே, தொட்டியின் ஒரு பக்கத்தை 32 பாகை அளவிலும் மறுபக்கத்தை 25 பாகை அளவிலும் வைக்க வேண்டும். எங்கே படுப்பது என்பதை அது முடிவு செய்துகொள்ளும். சூட்டுப் பாய் மட்டும் போதாது, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும் வேண்டும். இல்லாவிட்டால் வயிறு வெந்துவிடும். பூச்சியின் மேல் சுண்ணாம்புச் சத்துத் தூளைத் தூவிக் கொடுக்காவிட்டால் எலும்பு வளைந்துவிடும். இவற்றையெல்லாம் எனக்குக் கற்பித்தவன் என் அக்காள் மகன். அறிவியலில் இவனா தோல்வியுற்றான் என்று வியந்துகொண்டே கேட்டேன்.

தூய்மையைப் பற்றி ஆசிரியர் என்ற முறையில் நான்தான் கண்டிப்பாக இருந்தேன். ஊர்வனவற்றின் குடலில் சல்மோனெல்லா கிருமி இயல்பாகவே இருக்கலாம். பார்வைக்குப் பிராணி நலமாகவே இருக்கும். மனிதனுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். குழந்தைகள் ஆமைக்குஞ்சுகளை வாயில் வைத்து நோயுற்றதனால்தான் அமெரிக்கா 1975-ஆம் ஆண்டில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது. தொட்டால் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. நான்கு மாணவர்களுக்கு ஒரே கழுவுதொட்டி உள்ள வாடகை வீட்டில் இதைக் கடைப்பிடிப்பது எளிதன்று. அவன் அதற்கென்றே தனி வாளி வாங்கினான். என் மாமியார் பின்னறைக்குள் போவதற்கு மட்டும் நான் தடை விதித்தேன். அவர் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

படுக்கையறையில் ஊர்வன வளர்த்த மாணவர்களில் பெயர் பெற்றவர் ரோமுலஸ் விட்டேக்கர். 1943-இல் நியூயார்க்கில் பிறந்து சிறுவயதிலேயே இந்தியாவுக்கு வந்தவர். குடும்பம் பம்பாயில் இருக்க, இவர் கொடைக்கானல் உறைவிடப் பள்ளியில் படித்தார். கட்டிலுக்கு அடியில் ஒரு மலைப்பாம்பை வைத்திருந்தார்! பாம்பைப் பிடித்து வந்த மகனைக் கண்டு அலறாத தாயார் அவருக்கு வாய்த்திருந்தார். அந்தச் சிறுவன்தான் வளர்ந்து 1969-இல் சென்னைப் பாம்புப் பண்ணையையும், 1976-இல் சென்னை முதலைப் பண்ணையையும் நிறுவினார். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்டதால் பிழைப்பிழந்த இருளர் மக்கள் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பு நஞ்சை எடுத்து மருந்து தயாரிப்புக்கு வழங்கும் தொழிலைத் தொடங்கியதற்கும் இவரே துணை நின்றார். இதைப் படித்துவிட்டு யாரும் மகனின் கட்டிலுக்கடியில் மலைப்பாம்பு வாங்கி வைத்துவிட வேண்டாம். நம் நாட்டு மலைப்பாம்பும் உடும்பும் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவன. எதை வாங்குவதாயினும் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இருளர்களின் பெயர் 2017-இல் மீண்டும் உலகச் செய்திகளில் அடிபட்டது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு தமிழர்களை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைத்துச் சென்றனர். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பல்கிப் பெருகிவிட்டிருந்தன. அவை அந்த மண்ணுக்கு உரியவையல்ல. செல்லப் பிராணியாக விற்கப்பட்டுத் தப்பியவற்றின், அல்லது வளர்க்க முடியாமல் கைவிடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். முயல்களும் ரக்கூன்களும் அருகிப் போயின. காடும் நீரும் நன்கறிந்த அவ்விருவரும் முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளம். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. செய்தியை என் அக்காள் மகனுக்குக் காட்டியபோது அவன் மகிழ்ந்தான். பிறகு, "யாரோ விட்டுட்டுப் போனதைப் பிடிக்க எங்கேர்ந்து போயிருக்காங்க பாருங்க" என்றான்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் இரவுச் சந்தைகளில் உள்ளங்கை அளவுகூட இல்லாத பச்சை ஆமைக்குஞ்சுகளை மூடி போட்ட சிறு பெட்டியில் விற்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! கண்ணின் பின்புறம் சிவப்புக் கோடு உள்ள செங்காது ஆமை. மிசிசிப்பி ஆற்றுப் பகுதிக்கு உரியது. அந்தக் குஞ்சு ஏறத்தாழ ஓர் அடி நீளம் வரை வளரும். பல பத்தாண்டுகள் வாழும். பெட்டி போதாமல் போனதும் "பாவம், விட்டுவிடலாம்" என்று ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுகிறோம். புண்ணியம் தேடிச் செய்யும் இச்செயல் உள்ளூர் ஆமைகளின் உணவையும் இடத்தையும் பறிக்கிறது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் இவ்வாமையும் உண்டு. 2018-இல் கேரளத்தின் திருச்சூர் அருகே ஒரு கால்வாயில்கூட இது கண்டெடுக்கப்பட்டது.

இன்னோர் ஆமையைப் பற்றியும் தமிழராகிய நாம் அறிந்திருக்க வேண்டும். முதுகில் விண்மீன் விரிந்தாற்போல் கோடுகள் உள்ள நட்சத்திர ஆமை தமிழகத்தின் புதர்க்காடுகளிலும் இலங்கையின் வறண்ட பகுதியிலும் வாழ்வது. அழகே அதற்குப் பகை. பெட்டிகளில் அடைத்துச் சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கும் பாங்காக்குக்கும் கடத்தப்படுவது பன்முறை பிடிபட்டுள்ளது. 2019 முதல் அனைத்துலக ஒப்பந்தத்தில் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. "நம்ம ஊர் ஆமை, ராசியானது" என்று யாரேனும் விலை பேசினால் பிள்ளைகள் ஏமாறக் கூடாது.

ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகள் ஒரு நல்ல வழி கண்டிருக்கின்றன. கார்பஸ் கிறிஸ்டி, பேலியல் போன்ற கல்லூரிகளில் ஆமை வளர்ப்பது மரபு. ஆண்டுதோறும் ஆமைப் பந்தயம்கூட நடைபெறுவதுண்டு. ஆமை எந்த மாணவருக்கும் சொந்தமன்று, கல்லூரிக்கு உரியது. ஆமைக் காவலர் என்று ஒரு மாணவரைத் தெரிவு செய்கின்றனர். அவர் படித்து முடித்துப் போனால் அடுத்தவர் வருவார். மாணவன் போவான், ஆமை இருக்கும் என்பதை முன்பே கணக்கிட்டிருக்கிறார்கள்.

எங்கள் கணக்கு 2025-இல் வந்து நின்றது. தோற்ற பாடங்களை மீண்டும் எழுதித் தேறி, அவ்வாண்டின் நடுப்பகுதியில் படிப்பை முடித்தான். சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. நல்ல சம்பளம். அக்காள் அர்ச்சனை செய்தார். அவனோ முகம் வாடி என் வீட்டில் வந்து அமர்ந்தான். சிங்கப்பூரில் பொதுமக்கள் வீட்டில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட ஊர்வன இரண்டே: செங்காது ஆமை, மலாயாப் பெட்டி ஆமை. (உலகமே அஞ்சும் அந்தச் செங்காது ஆமைக்கு அங்கே இடமுண்டு, இந்தச் சாதுவுக்கு இல்லை!) சிறுத்தைப் பல்லியைக் கொண்டுசெல்வது குற்றம்.

"வேலையை வேணாம்னு சொல்லிடலாமான்னு பார்க்கிறேன்" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. இணையத்தில் விளம்பரம் செய்தால் நொடியில் யாரேனும் வாங்கிக்கொள்வர். அந்த யாரோ எப்படிப்பட்டவர் என்பதுதான் அவன் கவலை. அதன் முதல் எடை அவனுக்கு மறக்கவில்லை.

நானும் என் கணவரும் அன்றிரவு பேசினோம். எனக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. நான்காம் ஆண்டில் பயிலும் மகள் இருக்கிறாள். பள்ளிக்கூட வேலை, மாமியாரின் மருத்துவம், வீட்டுக் கடன். இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டு உயிரோடு இருக்கக்கூடிய ஒன்றை ஏற்பது என்றால் சும்மாவா? கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக்கொண்டோம். தீனிக்கும் மருத்துவத்துக்கும் மாதந்தோறும் அவன் பணம் அனுப்ப வேண்டும். மாதம் ஒரு முறை வர வேண்டும். அந்த வருகையில் தொட்டியை அவன்தான் கழுவ வேண்டும். மலேசியாவுக்கு வேலை மாறி வந்தால் பல்லி அவனுடையது. எனக்கு இடமாற்றம் வந்தால் யார் என்ற வரியில் என் மகள் தன் பெயரை எழுதப் போனாள். வயது போதாது என்று தடுத்துவிட்டேன். அந்த இடம் இன்னும் காலியாகவே உள்ளது.

சொன்ன சொல்லை இதுவரை காப்பாற்றி வருகிறான். மாதம் ஒரு முறை வருவதால் எனக்கு வேறொரு பயனும் உண்டு. அவன் முகத்தைப் பார்க்க முடிகிறது, எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டியதில்லை. சுவரில் இருந்த பழைய தாள்கள் இப்போது ஒரு கோப்பில். மகள்தான் எடை எழுதுகிறாள். பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லி என் மாணவர்கள் கேட்டபடியே இருக்கிறார்கள். இரைச்சலிலும் பல கைகளிலும் அது மிரண்டு வாலை உதிர்த்துவிடக்கூடும். ஆகவே, அந்தத் தாள்களை மட்டும் எடுத்துச் சென்று வரைபடம் வரையச் சொன்னேன். 31 கிராமிலிருந்து கோடு மேலே ஏறுவதைக் கண்டு ஒரு மாணவி, "டீச்சர், இங்க மட்டும் ஏன் கீழே இறங்குது?" என்று கேட்டாள். அவன் தேர்வு எழுதிய வாரம் அது.

தீபாவளிக்கு அக்காள் வந்திருந்தார். அறைக்குள் இன்னும் நுழைவதில்லை. முறுக்குத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, மாமியாரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி எட்டிப் பார்த்தார்.

"அது சாப்பிட்டுச்சா?"

சாப்பிட்டது அக்கா, ஆறு சுவர்க்கோழி என்றேன்.